விக்கல் எடுத்த மவுஸ்

நீங்கள் நம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாரையாவது ஆட்டத்திலிருந்து தடை செய்திருப்பீர்கள். அதில் தவறொன்றும் இல்லை. கணினித் துப்பாக்கி ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள். எங்கோ வாங்கிய நிரலை ஓடவிட்டு, அது இழுத்த பக்கமெல்லாம் சுடுவார்கள். பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இந்த நாட்களிலும், நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிற வழக்கு ஒன்று உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருந்தேன். பறக்கும் படையோடு ஊர் ஊராகப் போய்க் காப்பியடிக்கிறவர்களைப் பிடிப்பது என் பிழைப்பு. தூத்துக்குடியில் ஒரு நிறுவனம் ஆட்டக் கம்பெனிகளுக்காக நியாயம் பார்த்துச் சொல்லும் அலுவலகம் திறக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். பாளை ரோட்டில் ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடி. உப்புக்காற்றில் ஏசிப் பெட்டி துருப்பிடித்து அடிக்கடி படுத்துவிடும். நேர்காணலில், துப்பாக்கி ஆட்டம் ஆடியதுண்டா என்று கேட்டார்கள். "ஆடினது இல்ல. ஆனா பிட்டு வச்சிருக்கிற பையன முதுகப் பாத்தே சொல்லிருவேன்" என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே முதுகே கிடையாது. ஆள் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதையும் நமக்குக் காட்டமாட்டார்கள். காட்டவும் கூடாது. திரையில் துப்பாக்கியின் குறி ஒன்று அலையும். எந்த நொடியில் எந்தக் கீயை அழுத்தினார், மவுஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தினார் என்ற கோடுகள் கீழே ஓடும். அவ்வளவுதான் ஆள்.

எனக்கு வேலை கற்றுத்தந்த டீம் லீடர் என் வயதில் பாதிகூட இல்லாதவர். நாசரேத்துக்காரர். முதல் நாள் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் ஒருவன் கண்ணில் பட்ட எல்லோரையும் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தான். நான் அவன் சுடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், அவன் சுடுறத விட்டுருங்க. சுடாம இருக்கான்லா, அப்ப என்ன பண்ணுதான்னு பாருங்க" என்றார்.

மறுபடி பார்த்தேன். எதிராளி ஒளிந்திருந்த சுவர்ப் பக்கம் மட்டும் அவன் குறி போகவே இல்லை. மற்ற எல்லாப் பக்கமும் போனது, அங்கே மட்டும் போகவில்லை. சுவருக்குப் பின்னால் ஆள் இருப்பதை ஏதோ ஒரு நிரல் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டது வெளியே தெரியக்கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிட்டு வைத்திருக்கிற பையன் கண்காணிப்பாளர் பக்கத்தில் வரும்போது விட்டத்தைப் பார்ப்பான் இல்லையா, அதே வேலை. உண்மையிலேயே ஒன்றும் தெரியாத ஆட்டக்காரர் காலி மூலையையும் எட்டிப் பார்ப்பார். ஆளில்லாத அறைக்குள் நுழையவும் தயங்குவார். அன்றைக்கு லீடர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான் கடைசிவரை பிழைத்தேன்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்காக ஒரு போட்டி நடந்தது. ஒருவரோடு ஒருவர் மோதும் ஒற்றையர் ஆட்டம். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். அதில் 'நண்டு' என்ற பெயரில் ஆடிய ஒருவர், யாரும் எதிர்பாராமல் ஒவ்வொருவராகத் தோற்கடித்து அரையிறுதிவரை வந்து, அங்கே கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனையும் தோற்கடித்துவிட்டார். அந்தப் பையனுக்கு இணையத்தில் பெரிய ரசிகர் கூட்டம். தோற்ற சூட்டோடு அவன் ஒரு வீடியோ போட்டான். "இது மனுசன் கையே இல்ல. நான் எத்தன வருசமா ஆடுறேன், எனக்குத் தெரியாதா? எய்ம்பாட் போட்டிருக்காங்க" என்றான். எய்ம்பாட் என்பது குறியைத் தானாகவே எதிராளியின் தலைக்கு இழுத்துக்கொண்டு போகிற நிரல். மறுநாள் காலைக்குள் நண்டு என்ற பெயருக்குக் கீழே வசவு குவிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் இறுதியாட்டம். சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வேண்டும் என்று போட்டி நடத்துகிறவர்கள் பதிவுகளை நம்மிடம் தள்ளிவிட்டார்கள். நானும் லீடரும் உட்கார்ந்தோம்.

சுவருக்கு அப்பால் பார்க்கிற ஆள் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நண்டு காலி மூலைகளை எட்டிப் பார்த்தார். ஏமாந்தார். பயந்தார். சிக்கல் குறியில்தான் இருந்தது.

இரண்டு கையால் செய்கிற வேலையில் ஒரு கை தடுமாறினால் மறுகையும் கொஞ்சம் தடுமாறும். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். இடது கை கீபோர்டில் நடையை மாற்றும்போது, வலது கையில் இருக்கிற குறி ஒரு மயிரிழை அசையும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் அசையும். ஒரே மூளைதானே இரண்டையும் பார்க்கிறது. நண்டுக்கு அசையவில்லை. ஓடுகிற கால் சட்டென்று திசை மாறுகிறது, குறி தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னொன்றும் இருந்தது. நீண்ட ஆட்டங்களில் நடை கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்தது. கீகள் தாமதமாக அழுந்தின. குறியில் மட்டும் சோர்வே இல்லை.

"நடைய ஒருத்தன் பாக்கான், குறிய மெஷின் பாக்கு" என்றார் லீடர். "இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? பேன் பண்ணித் தடை போட்டுரலாம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என்றாலும் வந்த பதிவு எல்லாவற்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. தேர்வுப் பிரிவிலிருந்து கூடவே வந்த குணம் அது. காலிறுதி ஆட்டம் ஒன்று பாக்கியிருந்தது. அதை ஓடவிட்டேன்.

பாதி ஆட்டத்தில் குறி ஒரு குதி குதித்தது. மேலே எம்பி, உடனே பழைய இடத்துக்கே வந்தது. கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே குதிப்பு. பிறகு மறுபடியும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, சின்னதாக, மேல்நோக்கி. கீழே ஓடுகிற கோடுகளைப் பார்த்தேன். அந்தக் குதிப்புகள் எதிலும் கால் நிற்கவில்லை, தடுமாறவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இயந்திரம் பழுதானால் இப்படிக் குதிக்குமா என்று யோசித்தேன். அப்போது எங்கள் அலுவலகத்தில் யாரோ தும்மினார்கள், தும்மின உடம்போடு கையும் சேர்ந்து குலுங்கியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி, இது விக்கல்" என்றேன்.

"என்னது?"

"விக்கல் எடுக்குதுப்பா. மவுஸ் பிடிச்சிருக்கிற ஆளுக்கு விக்கல் எடுக்குது. பாருங்க."

லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருவரும் மேற்கொண்டு ஓடவிட்டோம். அடுத்து நடந்ததை என்னால் இன்றைக்கும் சாதாரணமாகச் சொல்ல முடியாது. எதிராளி தேடிக்கொண்டு வருகிற நேரம். அந்தக் கட்டத்தில் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் பிழைக்கலாம். ஆனால் நண்டின் கால் ஓடுவதை நிறுத்தியது. மெதுவாகப் பின்வாங்கி, ஒரு தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தது. குறி அசையாமல் கிடந்தது. மவுஸின் மேல் கையே இல்லாதது போலக் கிடந்தது. எதிராளியின் காலடிச் சத்தம் நெருங்கி வருகிறது. கால் அப்போதும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு குறி லேசாக அசைந்தது. குதிப்பு இல்லை. விக்கல் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் கால் எழுந்தது.

லீடர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "தண்ணி குடிச்சிருக்காங்க" என்றார் மெதுவாக.

"ஆமா. ஒரு ஆளு தண்ணி குடிக்கிற வரைக்கும் இன்னொரு ஆளு காத்துக் கெடந்திருக்கு. இது ரெண்டு பேரு தம்பி."

"முடியாது மேடம்" என்றார் உடனே. "சைக்கிள்ல ஒருத்தன் மிதிச்சு ஒருத்தன் ஹேண்டில் பிடிக்கிற மாதிரி அது. தெருவுல வேணா ஓட்டலாம். ரேஸ்ல ஓட்ட முடியுமா? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடியுற ஆட்டம் இது. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லுறதுக்கே நேரம் கெடையாது."

சொல்லிவிட்டு அவரே மறுபடியும் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

விளையாடுகிறவர் சம்மதித்தால் நேரடிச் சோதனை செய்யலாம் என்று விதி இருந்தது. வழக்கமாகக் கேமரா வழியாகத்தான் செய்வோம். சம்மதம் கேட்டு அனுப்பினோம். 'வாங்க' என்ற ஒரே சொல் பதிலாக வந்தது. கூடவே முகவரியும் வந்தது. லீடர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், திரேஸ்புரம். நம்ம தூத்துக்குடித் திரேஸ்புரம்."

மதிய வெயிலில் ஆட்டோ பிடித்துப் போனோம். ஐஸ் ஏற்றிய வண்டிகள் வழியை அடைத்து நின்றன. படகுகள் கட்டியிருந்த பக்கத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு. கதவைத் திறந்தது முப்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண். பெயர் சகாயம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். உள்ளே மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் ஜெரால்டு எழுந்து நின்று இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் சொன்னார். வலது கை தோளிலிருந்து ஒரு துணித் தொட்டிலில் தொங்கியது. விரல்கள் வெளுத்து மெலிந்து இருந்தன.

"ஹார்பர் ரோட்டுல பைக்கு சறுக்கிட்டு. தோள்ல நரம்பு அறுந்துபோச்சு. இதுல உணர்ச்சியே கெடையாது" என்றார். துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தவர். அந்த விபத்துக்கு முன்பே துப்பாக்கி ஆட்டத்தில் கெட்டிக்காரர். நண்டு என்ற பெயர் அந்தக் காலத்தில் வைத்தது.

மேசையில் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். இடப்பக்கம் ஒரு நாற்காலி, வலப்பக்கம் ஒட்டினாற்போல இன்னொன்று. நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்னால் சகாயம் வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மவுஸில் கை வைத்தாள்.

"இதப் பாக்கத்தான வந்தியிய? பாருங்க மேடம்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. முந்தின நாளிலிருந்து அவர்கள் வாங்கியிருந்த வசவு அப்படிப்பட்டது.

ஆடினார்கள். நான் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் கைகளைக் கவனித்தவள். கோயில் கச்சேரிகளில் நாகஸ்வரமும் தவிலும் கண்ணாலேயே பேசிக்கொள்வதைப் பார்த்தவள். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. இரண்டு பேர் கண்ணும் திரையில்தான். ஜெரால்டின் இடது கை விரல்கள் நடந்தன, குனிந்தன, பக்கவாட்டில் தாவின. அவர் தாவி முடிக்கும் இடத்தில் சகாயத்தின் பார்வை ஏற்கெனவே போய் நின்றது. ஒரு சொல் கிடையாது. ஒரு 'ம்' கூடக் கிடையாது. சுவர் முனை திரும்பும்போது அவர் கால் வேகம் குறைவதும் அவள் குறி மூலையைத் துழாவுவதும் எது முன், எது பின் என்று பிரிக்க முடியாமல் நடந்தன.

என் பழைய புத்தி விடவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். முழங்கால் இடிக்கிறதா, கால்விரலால் ஏதும் சைகை உண்டா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூச்சைக் கவனித்தேன். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காந்து ஆடுறியளா?" என்று கேட்டேன். நாற்காலிகளைக் கை எட்டுகிற அளவுக்கு விலக்கிப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. லீடர் தன் மடிக்கணினியில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரையிறுதியில் பார்த்த அதே கோடுகள். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. துடைக்கக்கூட மறந்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் கேட்டேன். "காலிறுதி அன்னைக்கு விக்கல் எடுத்துச்சா உங்களுக்கு?"

சகாயத்தின் வாய் திறந்தபடி நின்றது. "அது எப்படி மேடம் உங்களுக்குத் தெரியும்? கேமரா எதுவும் கெடையாதே?"

"மவுஸ்ல தெரிஞ்சது."

"மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அப்போதுதான் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. "ஆமா. அவிய ஒண்ணும் சொல்லல. பாத்தா தொட்டிக்குப் பின்னால போயி உக்காந்துட்டாவ. சரின்னு எந்திரிச்சுப் போயி செம்புத் தண்ணியயும் குடிச்சிட்டு வந்தேன்."

"எதிராளி பக்கத்துல வந்துட்டானே" என்றார் லீடர் ஜெரால்டைப் பார்த்து.

"வரட்டும். இவ இல்லாம எந்திரிச்சு என்ன செய்ய?" என்றார் ஜெரால்டு.

எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். சகாயம்தான் சொன்னாள். விபத்துக்குப் பிறகு அவர் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறார். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆள் இல்லாத பயிற்சி மைதானத்தைப் போட்டு, இடது கையால் நடந்துகொண்டே இருப்பாராம். துப்பாக்கி ஆட்டம் என்றாலே அவளுக்கு ஆகாது.

"இந்த வெடிச்சத்தமே எனக்குப் பிடிக்காது மேடம். ஆனா அப்ப வெடியே கெடையாது. நேரா நடப்பாவ. செவுத்துல போயி முட்டும். அங்கனயே நிக்கும். மவுஸ் இருந்தாத்தான திரும்பிப் பாக்க முடியும்? பாக்கப் பாக்க எனக்குத் தாங்கல. ஒருநா காப்பி கொண்டாந்து வச்சவ, அப்படியே மவுஸப் பிடிச்சுத் திருப்பினேன். அந்தப் பக்கம் கடல் இருந்துச்சு. நம்ம கடல் மாதிரியே, நீலமா. அவிய கடலப் பாத்து நடக்க ஆரம்பிச்சாவ. நான் அக்கம்பக்கம் காட்டிக்கிட்டே வந்தேன். அன்னைக்கு முழுக்க அந்த ஊரச் சுத்திப் பாத்தோம்."

பிறகு நான், ஒருவர் மனதில் நினைப்பது மற்றவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"இவ எங்கன பாக்கப்போறான்னு எனக்குத் தெரிஞ்சிரும். அங்கன நடந்துருவேன்" என்றார் ஜெரால்டு.

"ஐயோ, இல்ல மேடம். அவிய எங்கன நடக்கப்போறாவன்னு பாத்துதான் நான் திருப்புதேன்" என்றாள் சகாயம்.

"ஏளா, நீதான முதல்ல திருப்புத?"

"நானா? நீங்கதான முதல்ல திரும்புதிய!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். நாங்கள் போன பிறகும் அந்தச் சண்டை ஓடியிருக்கும். முன்னால் போவது யார் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

இப்போது உங்கள் முறை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன எழுதுவீர்கள்? எய்ம்பாட் இல்லை. ஏமாற்று எண்ணம் இல்லை. ஆனால் போட்டி விதியில், ஒரு பெயரில் ஒருவர் மட்டுமே ஆட வேண்டும் என்று தெளிவாக இருந்தது. புறப்படும்போது அதைச் சொன்னேன். மறைக்க எனக்கு மனமில்லை.

"விதியில ஒரு ஆளுன்னுதான் போட்டிருக்கு. எனக்கும் தெரியும். நாங்களும் ஒரு ஆளாத்தான மேடம் வெளாடுதோம்?" என்றாள் சகாயம்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆனாலும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தனியாக ஆடித் தோற்ற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வந்து அலுவலகப் படியேறும்போது லீடர், "மேடம், காலையில நான் பேன்னு சொன்னேன்லா" என்றார்.

மூன்று வரி எழுதினோம். வெளி நிரல் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. நண்டு என்ற பெயரில் இருவர் சேர்ந்து, ஒருவர் நடையும் ஒருவர் குறியுமாக ஆடினார்கள், நாங்கள் நேரில் பார்த்தோம். ஒருவரே ஆட வேண்டும் என்ற விதிப்படி இந்தப் போட்டியில் அவர்கள் தொடர முடியாது. இருவரைப் பற்றி எழுதுவதற்குத் தொலைபேசியில் அவர்கள் சம்மதமும் வாங்கிக்கொண்டோம்.

அனுப்பிய சிறிது நேரத்தில் போட்டி நடத்துகிறவர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "மேடம், ரொம்ப நல்ல வேலை. ஆனா முதல் ரெண்டு வரி வேணாம். விதிமீறல் உறுதி, நீக்கம். அவ்ளோதான் போடுவோம். எப்படியும் முடிவு ஒண்ணுதானே?"

"முடிவு ஒண்ணுதான். ஆனா அப்படிப் போட்டா ஊரே அவங்க எய்ம்பாட் போட்டாங்கன்னுதான் படிக்கும்" என்றேன்.

"படிக்கட்டுமே மேடம். ரெண்டு பேர் ஆடினாங்கன்னு போட்டா எவன் நம்புவான்? கம்பெனியே மூடி மறைக்குதுன்னு சொல்வானுங்க. நாளைக்கு ஃபைனல். எனக்கு இன்னிக்கே இது அடங்கணும்."

"நாங்க பாத்தத எழுதியிருக்கோம். பாதிய வெட்டினா அது எங்க தீர்ப்பு இல்ல. எங்க பேரு அதுல வரக்கூடாது."

எதிர்முனையில் குரல் மாறியது. அடுத்த போட்டிக்கு வேறு நிறுவனத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அந்த மாடியில் வேலை பார்த்த எல்லோருடைய சம்பளமும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில்தான் இருந்தது. அதற்குள் லீடர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சார், நான்தான் லீட். எந்த ஆட்டக்காரரும் இதவிடப் பெரிய ஆட்டம் ஆடி நான் பாத்தது இல்ல. அத நாங்களே கள்ள ஆட்டம்னு எழுத முடியாது. மூணு வரியும் போடுங்க. இல்லன்னா மூணையும் விட்டுருங்க, எங்க பேர எடுத்துருங்க" என்றார்.

சென்னைக்காரர் கோபமாகப் போனை வைத்துவிட்டார். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜவுளிக்கடையில் விளக்குப் போடுகிற நேரத்தில் அறிவிப்பு வந்தது. மூன்று வரியும் இருந்தன.

நம்பாதவர்கள் நம்பவில்லைதான். ஆனால் கோயம்புத்தூர்ப் பையன் நம்பினான். தன் ஆட்டத்தையே மறுபடி பார்த்துவிட்டு, "நான் தப்பாச் சொல்லிட்டேன். மனுசன் கை இல்லன்னு சொன்னேன். ரெண்டு மனுசங்க கை" என்று வீடியோ போட்டான். பிறகு அவர்களைத் தேடிப்பிடித்து, போட்டி கீட்டி எதுவும் இல்லாமல் ஒரு நாள் பகல் முழுக்க அவர்களோடு ஆடினானாம். ஜெயித்தது யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த விதி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதியவர்கள் இப்படி ஒரு ஆட்டக்காரர் வருவார் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். சென்னைக்காரர் அதன் பிறகு நம்மை அழைக்கவும் இல்லை. வேறு வேலை வந்தது, மாடி மூடப்படவில்லை. இதெல்லாம் நடந்து முடிந்த செய்தி. இதில் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. விதியை மீறினார் என்பதும் ஏமாற்றினார் என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். அவசரத்தில் ஒன்றை வெட்டி மற்றதோடு ஒட்டிவிடாதீர்கள்.

சில வாரங்கள் கழித்து, மீன் வாங்கத் திரேஸ்புரம் போயிருந்தேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது சகாயம் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்றாள். போனேன். ஜெரால்டு ஆடத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கியதும் தெருவில் யாரோ, "சகாயம், தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் பிடித்துத்தான் ஆக வேண்டும். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, "மேடம், கொஞ்சம் பிடிங்களேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஐஸ் போட்டு வாங்கிய மீன் பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தேன். எத்தனையோ வருடங்கள் மற்றவர்கள் கையை எடைபோட்டவள், அன்றுதான் முதல்முறையாக ஆட்டத்துக்குள் இருந்தேன். என் காலுக்கு அடியில் தரை நகர்ந்தது. நான் சொல்லி நகரவில்லை. கதவைத் தாண்டுவார் என்று நினைத்து உள்ளே பார்த்தேன், அவர் பக்கவாட்டில் போய்விட்டார். அந்தப் பக்கம் திருப்பினேன், அதற்குள் குனிந்துவிட்டார். சுவர் முகத்துக்கு நேரே வந்து மோதியது. வானம், தரை, சுவர் எல்லாம் சுழன்றன. எனக்குத் தலை சுற்றிக் குமட்டியது. யாரோ எங்கிருந்தோ சுட்டார்கள். செத்துப்போனோம்.

ஜெரால்டு வாய்விட்டுச் சிரித்தார். "பரவால்ல மேடம். எங்களுக்கும் முதல்ல இப்படித்தான். இவ வாந்தியே எடுத்துருக்கா."

சகாயம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் மீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்து, மவுஸில் கை வைத்தாள். சுழன்றுகொண்டிருந்த அந்த உலகம் அமைதியாக நின்றது. பிறகு இருவரும் போனார்கள். சந்து வழியாக, படிக்கட்டு ஏறி, ஒரு ஜன்னலைத் தாண்டி, வழுக்கிக்கொண்டு போனார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என் காலைச் சுற்றித் தரை ஈரமாகியிருந்தது.

"மேடம்," என்றார் ஜெரால்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐஸு உருகுது. மீனு கெட்டுரும்."